உங்கள் மகளைக் காட்டேரி பிடிக்கவில்லை, அம்மா

கேள்வி: டாக்டர், நாங்கள் அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் இருபது வருடமாக இருக்கிறோம். ஒரே மகள், வயது 24, முதுகலை படிக்கிறாள், தனியாக அபார்ட்மென்ட் எடுத்துத் தங்கியிருக்கிறாள். போன மாதம் வீட்டுக்கு வந்தவள் சாப்பிட்டு முடித்துவிட்டு, "அம்மா, நான் ஒரு வாம்பயர். சினிமாவில் வருகிற மாதிரி இல்லை, நிஜமாகவே" என்றாள். பதினைந்து வயதிலிருந்தே தெரியுமாம். மாதம் ஒருமுறை ஒரு தோழி கையில் சின்னதாகக் கீறி ஒன்றிரண்டு ஸ்பூன் ரத்தம் தருகிறாளாம். அது கிடைக்காவிட்டால் தலைவலி, வயிற்றுவலி, எழுந்திருக்கவே முடியாத அசதி என்கிறாள். பகலில் தூக்கம், வெயிலில் கறுப்புக் கண்ணாடி. படிப்பில் மட்டும் ஒரு குறையும் இல்லை. என் கணவர் இணையத்தில் தேடிவிட்டு இது போர்ஃபிரியா என்ற அபூர்வ ரத்த நோய் என்கிறார். ஊரில் இருக்கும் அண்ணன், காட்டேரி பிடித்திருக்கிறது, பாட்டிக்கு உடம்பு முடியவில்லை என்று பொய் சொல்லியாவது கூட்டி வா, கோயிலில் விரட்டிவிடலாம் என்கிறார். அவளுக்குப் பைத்தியமா டாக்டர்? நாளைக்குக் கல்யாணம் எப்படி? எனக்கு ஒன்றுதான் புரியவில்லை, வீட்டுக்கு வந்தால் இப்போதும் பூண்டு ரசம்தான் கேட்கிறாள்.
பெயர் வேண்டாம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது ரத்தம் இல்லை, அவளாகவே வந்து உங்களிடம் சொன்னாள் என்பதுதான். இது எவ்வளவு அபூர்வம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஐடஹோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டி.ஜே. வில்லியம்ஸ் இன்னொருவரோடு சேர்ந்து 2015-இல் ஒரு சின்ன ஆய்வு வெளியிட்டார், தங்களை வாம்பயர் என்று சொல்லிக்கொள்ளும் 11 பேரிடம், "இதை ஒரு மருத்துவரிடமோ சமூகப் பணியாளரிடமோ சொல்வீர்களா?" என்று கேட்டு எழுதியது. பெரும்பாலும் வந்தது பயம்தான். பைத்தியம் என்று முத்திரை குத்துவார்கள், பொல்லாதவர் என்று நினைப்பார்கள், பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள், வேலை போய்விடும். ஆக, என்னைப் போன்ற ஆளிடம் வாயே திறக்காத ஒரு விஷயத்தை உங்கள் மகள் சாப்பாட்டு மேசையில் வைத்து உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. அழுதிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பரவாயில்லை, அதைச் சரிசெய்யலாம்.

இப்போது அவள் எந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறாள் என்று பார்ப்போம். இது புதிதில்லை. நியூயார்க்கில் ஸ்டீஃபன் காப்லன் என்பவர் 1972-லேயே இப்படிப்பட்டவர்களைத் தேடிப் பதிவுசெய்ய ஒரு மையம் தொடங்கினார். 2005-இல் நியூ ஆர்லியன்ஸில் ஒரு சங்கம், அதே வருடம் உங்கள் அட்லாண்டாவிலேயே ஒன்று. அட்லாண்டாக்காரர்கள் 2006-லிருந்து சில வருடங்கள் உலகம் முழுவதும் இருக்கும் தங்கள் ஆட்களுக்கு நூற்றுக்கணக்கான கேள்விகள் கொண்ட படிவம் அனுப்பி, உடம்புக்கு என்ன, தூக்கம் எப்படி, மதம் எது என்றெல்லாம் கணக்கெடுத்தார்கள். நம் மருத்துவமனைப் படிவத்தின் இரண்டு பக்கத்தை நிரப்பவே மனிதர்கள் முகம் சுளிப்பார்கள், இவர்கள் உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார்கள். தன்னை யாராவது தீவிரமாக எடுத்துக்கொண்டு கேட்க வேண்டும் என்ற தவிப்பு அதில் தெரிகிறது எனக்கு.

நியூ ஆர்லியன்ஸ் கூட்டத்தோடு ஜான் எட்கர் பிரௌனிங் என்ற ஆய்வாளர் சில வருடம் பழகி, 2015-இல் அதைப் பற்றி எழுதினார். அந்த ஊரில் மட்டும் ஐம்பது பேர் அளவில் இருப்பதாக அவர் கணக்கு. மதுக்கடையில் பரிமாறுகிறவர், அலுவலகத்தில் எழுதுகிறவர் என்று சாதாரண மனிதர்கள். பண்டிகை நாட்களில் வீடில்லாதவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். பிரௌனிங் ஒரு கட்டத்தில் தானே தன் முதுகில் கீறிக்கொள்ளவிட்டு ரத்தம் கொடுத்துப் பார்த்திருக்கிறார், ஆராய்ச்சிக்காக இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று நான் நினைத்தது வேறு கதை. இவர்களில் ரத்தம் குடிப்பவர்களை 'சாங்' என்பார்கள். ரத்தமே தொடாமல் அடுத்தவரின் 'சக்தி'யை எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறவர்கள் இன்னொரு வகை. (சிலர் வந்து அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனால் நமக்கு ஒரு நாள் முழுக்க அசதியாக இருக்குமே, அந்த அனுபவத்தின் மறுபக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) இரண்டும் உண்டு என்கிறவர்களும் இருக்கிறார்கள். கோரைப்பல் மாட்டிக்கொண்டு கறுப்பு உடையில் பார்ட்டிக்குப் போகிறவர்களை இவர்கள் தங்களோடு சேர்ப்பதில்லை, அது வெறும் ஃபேஷன் என்பார்கள். ரத்தம் கொடுப்பவர் 'டோனர்', அவர் சம்மதம் இல்லாமல் ஒரு சொட்டுக்கூட எடுக்கக் கூடாது என்பது அவர்களுக்குள் பெரிய விதி. நமக்கு இப்படித்தான் என்று வயதுக்கு வரும் பருவத்தில் தெரியவருவதை 'அவேக்கனிங்' என்கிறார்கள், உங்கள் மகள் சொன்ன பதினைந்து வயது அதுதான். தாங்கள் சாகமாட்டோம், வௌவாலாகப் பறப்போம் என்று இவர்கள் சொல்வதில்லை. "இது நான் தேர்ந்தெடுத்தது இல்லை, எனக்கு இது தேவைப்படுகிறது" என்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, பைத்தியமா? இல்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இல்லை. மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் நோய்ப் பட்டியலில் வாம்பயரிசம் என்று ஒரு நோயே கிடையாது. இணையத்தில் தேடினால் 'ரென்ஃபீல்ட் சிண்ட்ரோம்' என்று ஒன்று வரும், உங்கள் கணவர் அடுத்து அதைத்தான் பிடித்துக்கொண்டு வருவார். 1992-இல் ரிச்சர்ட் நோல் என்ற உளவியலாளர், எங்கள் துறைக்காரர்கள் எதற்கெடுத்தாலும் ஒரு நோய்ப்பெயர் வைப்பதைக் கிண்டல் செய்து, டிராகுலா நாவலில் ஈயும் பூச்சியும் தின்னும் ஒரு பாத்திரத்தின் பெயரைப் போட்டு உருவாக்கியது அது. கிண்டல் செய்த மனிதர் சும்மா இருந்தார், மற்றவர்கள் அதை நிஜ நோயாக்கிவிட்டார்கள்.

ஆனால் ரத்தம் குடிப்பது நோயின் ஒரு பகுதியாக வருவதும் உண்டு, அதை மறைக்கமாட்டேன். 2012-இல் துருக்கி மருத்துவர்கள் 23 வயது இளைஞர் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். மூச்சு விடுவதைப் போல அவசரமாக ரத்தம் வேண்டும் என்றிருந்தது அவருக்கு. முதலில் தன் கையையே வெட்டிக் குடித்தார், அப்புறம் மற்றவர்களைக் குத்தினார், பிள்ளை படும் பாட்டைப் பார்க்க முடியாமல் அப்பாவே ரத்த வங்கியிலிருந்து வாங்கி வந்து கொடுத்தார். அந்த அப்பாவைப் பற்றித்தான் நான் ரொம்ப நாள் யோசித்தேன். அந்தப் பையன் கண் முன்னால் கொலையைப் பார்த்தவர், குழந்தையைப் பறிகொடுத்தவர், ஒரே உடம்பில் வேறு வேறு ஆளாக மாறிப்போகும் நோயும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன நெருக்கடியும் அவருக்கு இருந்தன. அங்கே ரத்தம் என்பது மேலே தெரிந்த நுனி மட்டும்.

அதனால் உங்கள் மகளிடம் இவற்றைக் கவனியுங்கள்: யாரோ பேசுவது காதில் விழுகிறது என்கிறாளா, யாரோ கட்டளை இடுகிறார்கள் என்கிறாளா, நடுவில் சில மணி நேரம் என்ன செய்தோம் என்றே தெரியாமல் போகிறதா, தன்னையே வெட்டிக்கொள்கிறாளா, சாப்பாட்டை விட்டுவிட்டாளா, ராத்திரி பகல் இரண்டிலும் தூங்காமல் இருக்கிறாளா, சம்மதிக்காத யாரையாவது காயப்படுத்தும் எண்ணம் இருக்கிறதா, வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வருகிறதா. இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள், அங்கே மன நெருக்கடிக்கென்றே 988 என்று ஓர் அவசர எண் இருக்கிறது, அதில் கூப்பிடுங்கள். ஒன்றும் இல்லை, படிக்கிறாள், சிரிக்கிறாள், தோழிகள் இருக்கிறார்கள், உங்கள் கையால் சாப்பிடுகிறாள் என்றால், அவளுக்கு இருப்பது மற்றவர்களுக்கு விசித்திரமாகத் தெரியும் ஓர் அடையாளம். விசித்திரம் எல்லாம் நோய் என்றால் எங்கள் வார்டில் இடம் போதாது.

என் சொந்தக் கருத்தையும் சொல்லிவிடுகிறேன், அவளிடமும் இதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு ஸ்பூன் மனித ரத்தத்தில் வேறெங்கும் கிடைக்காத சக்தி எதுவும் இருப்பதற்கு ஆதாரம் இல்லை. ஒரு மில்லி ரத்தத்தில் அரை மில்லிகிராம் இரும்புச் சத்து இருக்கும், இரண்டு ஸ்பூன் பத்து மில்லி, ஆக ஐந்து மில்லிகிராம். அமெரிக்கக் கணக்குப்படி அவள் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 18. மாதம் ஒருமுறை குடிக்கும் ரத்தம் ஒரு நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தென் அமெரிக்காவின் நிஜ வாம்பயர் வௌவாலுக்கு இரண்டு மூன்று ராத்திரி ரத்தம் கிடைக்காவிட்டால் செத்துப்போகும், உங்கள் மகள் மாதம் முழுக்க ரசம் சாதத்தில் இருக்கிறாள்.

அதற்காக அவள் பொய் சொல்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். தலைவலி நிஜம், அசதி நிஜம், குடித்தபின் தேவலை என்று தோன்றுவதும் நிஜம். அவள் வைத்திருக்கும் காரணத்தோடுதான் எனக்கு வழக்கு. பல வருடத்துக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பெண்ணை அவள் அம்மா என்னிடம் இழுத்துக்கொண்டு வந்தார், ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் பல்பம் தின்கிறாள், மனசு சரியில்லை என்று. சிலேட்டில் எழுதுகிற அதே பல்பம்தான். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஏழு, ரொம்பக் குறைவு. இரண்டு மாதம் இரும்பு மாத்திரை கொடுத்ததும் பல்ப ஆசை தானாகப் போய்விட்டது, எனக்கு அதில் ஒரு வேலையும் இருக்கவில்லை. மண், பச்சரிசி, சாம்பல், ஐஸ்கட்டி என்று உடம்பு எதையோ கேட்கும், நாம் அதற்கு ஒரு பெயர் வைப்போம். ரத்த ஆசையும் இரும்புக் குறைவால்தான் வருகிறது என்று நான் சொல்லவில்லை, அதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் அசதி, தலைவலி, 24 வயதுப் பெண் என்று மூன்றும் சேர்ந்தால் பார்க்காமல் விடக் கூடாது. ஹீமோகுளோபின், உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, பி12, வைட்டமின் டி, சர்க்கரை எடுங்கள். மாதவிடாயில் அதிகம் போகிறதா என்று கேளுங்கள். வெளிச்சம் கூசுவதும் தலைவலியும் சேர்ந்து வந்தால் மைக்ரேன் இருக்கலாம், வயிற்றுவலிக்குக் கோதுமை ஒவ்வாமை வரைக்கும் பார்க்கலாம், ராத்திரி விழித்துப் பகலில் தூங்குவது உடம்புக் கடிகாரமே தள்ளிப்போன ஒரு தூக்கக் கோளாறாக இருக்கலாம், அந்த வயதில் அது நிறைய. இவை எல்லாவற்றுக்கும் வைத்தியம் இருக்கிறது. சரியானபின்னும் "நான் வாம்பயர்தான்" என்றால் சொல்லிக்கொள்ளட்டும், அசதி இல்லாத வாம்பயராக இருக்கட்டுமே.

இன்னொன்றும் இருக்கலாம், இது என் ஊகம்தான். ஒரு தோழி கையை நீட்டி, வலிக்கும் என்று தெரிந்தும், உனக்காக என்று கொடுக்கிறாள். இருபதுகளில் தனியாக ஓர் அபார்ட்மென்டில் இருக்கும் பெண்ணுக்கு அதில் என்ன கிடைக்கிறது என்பதை இரும்புக் கணக்கில் போட முடியாது.

போர்ஃபிரியாவை உங்கள் கணவர் மறந்துவிடலாம். வாம்பயர் கதைகளுக்குப் பின்னால் இருப்பது இந்த நோய்தானோ என்ற ஊகத்தை 1985-இல் டேவிட் டால்ஃபின் என்ற வேதியியலாளர் சொன்னார், செய்தித்தாள்கள் பிடித்துக்கொண்டன, நிஜமாகவே அந்த நோய் இருந்தவர்களைத்தான் அக்கம்பக்கத்தார் ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். வெயில் பட்டால் தோலில் கொப்புளம் வரும் வகை ஒன்று உண்டு, உங்கள் மகளுக்குக் கண்தான் கூசுகிறது. அந்த நோய்க்கு ரத்தம் குடிப்பது மருந்தும் இல்லை. திடீரென்று நோய் முற்றும்போது கொடுக்கும் ஹீம் (ரத்தத்தில் இரும்பைத் தாங்கும் பொருள்) மருந்தை நரம்பில்தான் ஏற்றுவார்கள், வாய் வழியாகப் போனால் வேலை செய்யாது.

உண்மையான ஆபத்து தொற்று. ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி., சிபிலிஸ். ஊசியில் ஏறுவதைவிட விழுங்குவதில் ஆபத்து குறைவுதான், ஆனால் ஈறில் ரத்தம் கசிந்தாலோ வாயில் புண் இருந்தாலோ கணக்கு மாறிவிடும். "தோழி டெஸ்ட் எடுத்திருக்கிறாள்" என்பாள். எப்போது எடுத்தாள் என்று கேளுங்கள். தொற்று ஏறிய முதல் சில வாரம் பரிசோதனையில் தெரியாது, ஹெபடைட்டிஸ் சி-க்கான எதிர்ப்புப் பொருள் தெரிய இரண்டு மாதத்துக்கு மேலும் ஆகலாம். என்னைக் கேட்டால் நிறுத்துவது நல்லது. நிறுத்தமாட்டேன் என்றால், சண்டை போடுவதற்குப் பதிலாக இதைச் சொல்லுங்கள்: இருவரும் சில மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனை, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி முழுமையாகப் போட்டிருக்கிறதா என்று பார்ப்பது, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் புது லான்செட் (சர்க்கரை பார்க்க விரலில் குத்துவார்களே, அந்தச் சின்ன ஊசி), பிளேடு கூடவே கூடாது, மணிக்கட்டுப் பக்கம் போகவே கூடாது, பல்லால் கடிப்பது அதைவிட மோசம், மனித வாயைப் போல அழுக்கான இடம் குறைவு. அந்தத் தோழியும் ஒரு வீட்டுப் பெண்தான், அவள் உடம்பையும் நினைக்க வேண்டும். அப்புறம் ஒன்று, அதிகமாகக் குடித்தால் வாந்தி வரும், மறுநாள் மலம் கருப்பாகப் போகும். காரணம் தெரியாத மருத்துவர் வயிற்றில் ரத்தக்கசிவு என்று நினைத்து எண்டோஸ்கோப்பி வரை போய்விடுவார். அதனால் தன் மருத்துவரிடம் உள்ளதைச் சொல்லிவிடுவது அவளுக்குத்தான் நல்லது.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, நம்மிடம் இதற்கு இருந்த ஒரே சொல் காட்டேரிதான். ஆனால் ரத்தம் என்றதும் நடுங்குகிற ஊரா நம் ஊர்? திருச்சி புத்தூரில் குழுமாயி அம்மன் கோயிலில் குட்டி குடி திருவிழா நடக்கிறது, சாமியாடும் மருளாளி ஆட்டுக்குட்டிகளின் ரத்தத்தைக் குடிக்கிறார், ஊரே கும்பிட்டு நிற்கிறது. தீபாவளிக் காலையில் ரத்தப் பொரியல் இல்லாவிட்டால் கோபித்துக்கொள்ளும் மாமாக்களை எனக்குத் தெரியும், உங்கள் அண்ணன் எப்படி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். காட்டேரியைக் குலதெய்வமாக வைத்துப் பொங்கல் வைக்கும் குடும்பங்களும் உண்டு, கயானாவுக்குக் கப்பலேறிப் போன நம் ஆட்கள் அவளையும் கூடவே கொண்டுபோனார்கள்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. நம் கணக்கில் காட்டேரி வெளியிலிருந்து வந்து பிடிப்பது. பிடித்ததை விரட்டினால் நம் பெண் நமக்குத் திரும்பக் கிடைப்பாள். உங்கள் மகள் சொல்வதோ "நானே இதுதான்" என்று. அவளை உட்கார்த்தி வைத்து வேப்பிலை அடித்து "போ, போ" என்றால், அவள் காதில் அது தன்னைப் போகச் சொல்வதாகத்தான் விழும்.

1892-இல், அமெரிக்காவிலேயே, ரோட் ஐலண்ட் மாநிலத்தின் எக்ஸிட்டர் என்ற கிராமத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பிரௌன் என்று ஒரு விவசாயக் குடும்பம். முதலில் தாய் போனாள், பிறகு மூத்த மகள், பிறகு 19 வயது மெர்சி, எல்லாம் காசநோய். மகன் எட்வினும் படுத்துவிட்டான். செத்தவர்களில் ஒருத்தி கல்லறையிலிருந்து வந்து இவனை உறிஞ்சுகிறாள் என்றார்கள் ஊரார். தகப்பனுக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் மகன் கண் முன்னால் தேய்கிறானே, சம்மதித்தார். மார்ச் மாதம் தோண்டினார்கள். மெர்சி செத்து இரண்டு மாதம்தான், அதுவும் கடும் குளிர்காலம், உடம்பு கெடவில்லை, இதயத்தில் ரத்தம் இருந்தது. அது போதுமாக இருந்தது. இதயத்தை எரித்துச் சாம்பலைத் தண்ணீரில் கலந்து எட்வினுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் அவனும் போய்விட்டான். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் கண்டுபிடித்துச் சொல்லி அப்போதே பத்து வருடம் ஆகியிருந்தது.

பாசமில்லாத குடும்பம் இல்லை அது. அதனால்தான் சொல்கிறேன், பாட்டிக்கு முடியவில்லை என்று பொய் சொல்லி அவளை விமானத்தில் ஏற்றாதீர்கள். உங்களை நம்பி ஒன்றைச் சொன்னவளுக்கு அதுதான் நீங்கள் கொடுக்கும் பதில் என்றால், அடுத்த முறை உடம்புக்கு உண்மையிலேயே ஏதாவது வந்தால்கூட அவள் உங்களுக்குச் சொல்லமாட்டாள். அவள் 24 வயதுப் பெண், அந்த நாட்டில் மருத்துவரும் அவளைக் கேட்காமல் உங்களிடம் எதையும் பேசமாட்டார். உங்களுக்கு இருக்கும் ஒரே வழி அவள் வாய்தான். குலதெய்வத்துக்கு வேண்டிக்கொள்ளுங்கள், தாராளமாக, அங்கிருந்தே வேண்டிக்கொள்ளலாம்.

அடுத்த முறை வரும்போது, அப்பா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, "அன்றைக்கு நான் பயந்துபோய்விட்டேன், இப்போது சொல்லு, கேட்கிறேன்" என்று ஆரம்பியுங்கள். அந்த அசதி எப்படி இருக்கும், எத்தனை நாள் இருக்கும், முதன்முதலில் எப்போது தெரிந்தது, அந்தப் பதினைந்து வயதில் வீட்டிலோ பள்ளியிலோ என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை மெதுவாகக் கேளுங்கள், அங்கே ஏதாவது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ரத்தப் பரிசோதனைக்கு அவளே சம்மதிப்பாள் என்று நினைக்கிறேன், ரத்தத்தைப் பற்றி அவளைவிட ஆர்வம் யாருக்கு இருக்கும். தான் வாம்பயர் இல்லாமலேயே இவர்களைப் புரிந்துகொண்டு கூட நிற்கிறவர்களுக்கு அவர்களிடம் 'பிளாக் ஸ்வான்' என்று ஒரு பெயர் உண்டு, கறுப்பு அன்னம். உங்களை அவள் அப்படிக் கூப்பிட்டால் திட்டுகிறாள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கல்யாணத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அவள் கேட்டாளா? கேட்கும்போது, வரப்போகிறவனிடம் இதைச் சொல்ல வேண்டியவள் அவள்தான், ஜாதகத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டிய சமாச்சாரம் இல்லை இது.

பூண்டு ரசம் கேட்டால் வையுங்கள். பூண்டுக்குப் பயப்படுவதெல்லாம் சினிமா வாம்பயர், அவள்தான் முதல் நாளே சொல்லிவிட்டாளே, சினிமா மாதிரி இல்லை என்று. கூடவே கொஞ்சம் ஈரல் வறுத்து வைத்தால் ஃபெரிட்டினுக்கும் நல்லது. ரிசல்ட் வந்ததும் எழுதுங்கள்.